செங்கமலம் வயலில் இறங்கிய ஞாயிறு

குணசேகரனுக்கு மாடு என்றால் பயம். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, இரண்டு பசுவும் ஓர் எருமையும் கட்டியிருக்கிற வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு இப்படி ஒரு பயம் இருப்பது ஊருக்கே தெரிந்த விஷயம். சின்ன வயதில் ஒரு செவலைப் பசு அவனைக் கொட்டில் சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, முட்டவும் இல்லாமல் விடவும் இல்லாமல் கொஞ்ச நேரம் நின்றது. அவ்வளவுதான். ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து கொல்லைப் பக்கம் போக வேண்டுமென்றால் அவன் கொட்டிலைத் தவிர்த்து, வீட்டை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் போவான்.

"மாட்டுக்குப் பயந்தே டிகிரி வாங்குன ஆளு இவந்தான்" என்று அவனுடைய அப்பா துரைராசு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். அதில் கேலி பாதி, பெருமை பாதி. அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன். கணினி அறிவியல். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தாலும், உரமூட்டையில் ஏதாவது எழுதியிருந்தாலும், கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்கு வழி போட்டிருந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒரத்தநாடு கடைத்தெருவில் ஒரு இ-சேவை மையத்தில் அவனுக்கு வேலை. பட்டா மாறுதல், சிட்டா, அடங்கல், சாதிச் சான்று, வருமானச் சான்று. நடுநடுவே மனுக்களும் எழுதித் தர வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் ஆரம்பித்தால் ஊர்க்கதை முழுவதையும் சொல்வார். இவன் அதை வடிகட்டி, 'எனது பயிரை மேய்ந்து சேதப்படுத்திய மேற்படி நபரின் மாடுகள்' என்று தட்டச்சு செய்வான். "நீங்க படிச்சவங்க, பாத்து எழுதுங்க தம்பி" என்பார்கள். தான் எதைப் படித்தோம், அதில் எதைக்கொண்டு இந்த மனுவை எழுதுகிறோம் என்று அவனுக்கு அடிக்கடி சந்தேகம் வரும். கல்லூரியில் அந்தப் பாடப்பிரிவை அவன் தேர்ந்தெடுக்கவில்லை. மதிப்பெண்ணுக்கு அதுதான் கிடைத்தது. இந்த வேலையையும் அவன் தேர்ந்தெடுக்கவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தவர் சொன்னார், போய் உட்கார்ந்தான். அரசுத் தேர்வுக்குப் படிக்கிறான், எல்லாரும் படிக்கிறார்கள் என்பதால். தானாக ஆசைப்பட்டு, இதுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியது ஏதாவது உண்டா என்று யாராவது கேட்டால், அவனால் ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல முடியும். அதையும் வெளியே சொல்ல முடியாது. அது ஓர் எருமை. அது உலகத்தில் இல்லாத எருமை.

அதற்குக் காரணம் உபைதுல்லா. கல்லூரியில் பக்கத்து இருக்கைக்காரன், அய்யம்பேட்டைப் பக்கத்துப் பையன், வீட்டில் குத்தகைக்கு வயல் பார்க்கிறார்கள். படிப்பு முடிந்ததும் தஞ்சாவூர் கீழவாசலில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்துவிட்டான். ஒருநாள் அவன் கடைக்கு ஒரு பெண் மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். பையிலிருந்து சார்ஜரை எடுக்கும்போது கூடவே கலர் கலராகப் பகடைகள் மேசையில் உருண்டன. ஆறு முகம் இல்லை, இருபது முகம். உபைதுல்லா மடிக்கணினியை விட்டுவிட்டு அதைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தான்.

அந்தப் பெண் ஸ்ம்ருதி. திருவையாற்றுக்காரர்கள், தாத்தா காலத்தில் நிலம் இருந்ததாம், அப்பா ஹரிஹரசுப்ரமணியன் வங்கி வேலையில் சென்னைக்குப் போனதும் எல்லாம் கைமாறிவிட்டது. அப்பா ஓய்வுபெற்றுத் திருவையாற்றுக்கே திரும்ப, பெங்களூர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றாகி, ஸ்ம்ருதியும் வந்து சேர்ந்தாள். அவள் சென்னையில் கற்றுக்கொண்ட விளையாட்டு அது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, கதை சொல்லிக்கொண்டே ஆடுவது. ஒருவர் கதையை நடத்துவார். காடு, கோட்டை, எதிரி, மழை எல்லாம் அவர் சொல்வதுதான். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். சொன்னது நடந்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். இங்கே ஆடுவதற்கு ஆள் கிடைக்காமல் அந்தப் பகடைகளைச் சும்மா சுமந்துகொண்டு திரிந்தாள்.

கடை மாடியில், பழைய செல்போன் பெட்டிகளுக்கு நடுவே ஒரு பிளைவுட் மேசை போடப்பட்டது. உபைதுல்லா குணசேகரனைக் கூப்பிட்டான். நாலாவதாகச் செம்மொழி வந்தாள். பேராவூரணிக்காரி, ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் கடைசி வருஷம் படிக்கிறாள். மாடு மிதித்த போனை இரண்டு தடவை கடைக்குக் கொண்டுவந்ததில் பழக்கமானவள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஸ்ம்ருதி மேசையில் விலங்குப் படங்களைப் பரப்பினாள். அவள் நடத்தும் கதையில் ஆளுக்கொரு துணை விலங்கு உண்டு.

"பாத்து எடுங்க. பெரிய விலங்குன்னா நல்லா அடிக்கும், அடியும் தாங்கும். ஆனா குகைக்குள்ள நுழையாது, ஒளிய முடியாது. சின்னதுன்னா ஒளிஞ்சு போய் உளவு பாக்கும், ஒரே அடியில செத்தும் போகும். இன்னொண்ணு. உங்க முறை வரும்போது ஒண்ணு நீங்க செய்யலாம், இல்ல விலங்குக்கு ஒரு உத்தரவு கொடுக்கலாம். ரெண்டும் முடியாது."

"செத்துப்போனா?" என்று கேட்டாள் செம்மொழி.

"செத்துப்போனா அவ்வளவுதான். வேற எடுத்துக்கலாம், அது திரும்பி வராது. இது என்னோட ரூல்."

உபைதுல்லா கழுகை எடுத்தான். செம்மொழி படங்களை ஒதுக்கிவிட்டுக் கீரி வேண்டும் என்றாள். "பாம்பு வந்தா பாத்துக்கும். மருந்து கொடுக்கணும்னாலும் சொட்டு மருந்து போதும்" என்றாள்.

குணசேகரன் ஓநாயைப் பார்த்தான், கரடியைப் பார்த்தான், சிறுத்தையைப் பார்த்தான். பிறகு, "எருமை இருக்குங்களா?" என்றான்.

"காட்டெருமையா? இருக்கே."

"இல்லங்க. எருமை. வீட்டு எருமை."

உபைதுல்லா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிச் சிரித்தான். "மாப்ள, உங்க வீட்டு எருமை இருமுனாலே நீ திண்ணைக்கு ஓடுவ. ஸ்ம்ருதி, இவனுக்கு ஒரு முயல் கொடுங்க."

"எருமைதான்" என்றான் குணசேகரன்.

ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே விளங்கவில்லை. ஊருக்குத் திரும்பும் பேருந்தில் அதை யோசித்துக்கொண்டே போனான். பயப்படுகிற ஒன்றைக் கேட்டு வாங்கினால் வீரனாகிவிடலாம் என்ற எண்ணம் தனக்கு இருந்ததா? அப்படியானால் கரடியைக் கேட்டிருக்கலாம். அல்லது, கண்முன்னே தினமும் நின்றும் இதுவரை கிட்டப் போகாத ஒன்றின் மேல் ஒரு தடவையாவது கை வைக்க வேண்டும் என்று இருந்ததா? விடை தெரியவில்லை. ஸ்ம்ருதி அடி தாங்கும் கணக்கான கரடியின் உயிர்ப்புள்ளியையும் காளையின் வேகத்தையும் கலந்து ஓர் எருமையைச் செய்து கொடுத்திருந்தாள். அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதில் ஒரத்தநாடு வரை போய்விட்டது யோசனை. கடைசியில் செங்கமலம் என்று வைத்தான்.

"கருப்பு எருமைக்குச் செங்கமலமா" என்றான் உபைதுல்லா அடுத்த வாரம்.

"உன் கழுகு பேரு என்ன?"

"கழுகு."

அந்தக் கழுகு மூன்றாவது வாரத்திலேயே ஒரு பாறைப் பூதத்தின் கையில் செத்தது. உபைதுல்லா தோளைக் குலுக்கிவிட்டுச் சிறுத்தையை எடுத்துக்கொண்டான். குணசேகரன் அன்றைக்கு முழுக்க அவனோடு சரியாகப் பேசவில்லை.

செங்கமலத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது லேசாக இல்லை. அவள் வேகமாக நடக்க மாட்டாள். குகை வந்தால் வாசலில் நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டுப் போக இவனுக்கு மனசு வராது, இவனும் வாசலிலேயே நிற்பான். ஒரு தடவை எதிரி துரத்திவரும்போது குளம் ஒன்று குறுக்கே வந்தது. பகடையில் இரண்டு விழுந்தது. "செங்கமலம் குளத்துல படுத்துட்டா. எந்திரிக்கல" என்றாள் ஸ்ம்ருதி. மற்ற இருவரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் வெள்ளம் போன ஆற்றை மொத்தக் கூட்டமும் கடந்தது அவள் முதுகைப் பிடித்துக்கொண்டுதான். பனிமலையில் நெருப்பு அணைந்தபோது எல்லாரும் உறங்கியது அவள் வயிற்றில் சாய்ந்துதான். அதற்கெல்லாம் பகடை தேவைப்படவில்லை. எருமை இருந்ததே போதுமானதாக இருந்தது.

ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம் தொடங்கியதும் அவன் சொல்வது ஒன்றுதான். "முதல்ல செங்கமலத்துக்குத் தண்ணி காட்டுறேன்."

"குணா, அதெல்லாம் தனியாச் சொல்ல வேணாம். தண்ணி குடிச்சதா வச்சுக்கலாம்."

"அதெப்படிங்க வச்சுக்கிறது?"

ஸ்ம்ருதி பேசாமல் காத்திருக்கக் கற்றுக்கொண்டாள்.

வீட்டில் அம்மா பூவம்மாளிடம் அவன் புதுப் புதுக் கேள்விகளாகக் கேட்டான். எருமை எவ்வளவு நேரம் தண்ணீரில் கிடக்கும், இரவில் நின்றுகொண்டே தூங்குமா, கோபம் வந்தால் முதலில் என்ன செய்யும். பூவம்மாள் சாணிக் கையோடு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருக்குடா கேக்குற?"

"ஒருத்தருக்கு."

"எருமை வச்சிருக்கிற வீட்டுப் பொண்ணா?"

"அய்யோ, அதெல்லாம் இல்லம்மா."

"இருந்தா சொல்லு. அந்த வீட்லயும் கொட்டில் இருக்கும், சுத்திப் போறதுக்கு வழி இருக்கான்னு பாத்து வைக்கிறோம்."

செம்மொழியும் ஒருநாள் நேராகவே கேட்டாள். "குணாண்ணே, செங்கமலம் வந்ததுக்கு அப்புறம் வீட்டு எருமைகிட்டப் போறீங்களா?"

"இல்ல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றான். அது உண்மைதான். வீட்டு எருமையைச் சமையலறை ஜன்னலிலிருந்து முன்னைவிட அதிக நேரம் பார்த்தான், அவ்வளவே.

மார்கழி மாதம். சம்பா எங்கும் கதிர் வாங்கி நின்றது. பேருந்து ஜன்னலில் தஞ்சாவூர் வரும்வரை பச்சையும் இளமஞ்சளும்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ம்ருதி ஒரு சார்ட் தாளைச் சுருட்டி எடுத்துவந்தாள். நாலு மாதக் கதை முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு கோட்டை. அதில் ஒரு மணி. பொழுது சாய்வதற்குள் போய் அந்த மணியை அடிக்காவிட்டால் உலகம் இருண்டுபோகும். கோட்டைக்கு முன்னால் ஒரு பெரிய சமவெளி. எல்லாரும் டெல்டாக்காரர்கள், சந்தோஷப்படுவார்கள் என்று ஸ்ம்ருதி அந்தச் சமவெளியை வயல்களாகவே வரைந்திருந்தாள். பச்சை ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் கட்டமாக.

மூன்று பேரும் தாளின் மேல் குனிந்தார்கள்.

"நட்டு எத்தனை நாளு ஆச்சு?" என்றான் உபைதுல்லா.

"எதை?"

"நெல்லுதான். தண்ணி நிக்குதா, வடிச்சாச்சா?"

ஸ்ம்ருதிக்குப் புரியவில்லை. "தண்ணி இருக்கு. பச்சையா, அழகா இருக்கு."

"கதிர் வந்துடுச்சா அக்கா?" என்றாள் செம்மொழி.

"வந்துடுச்சுன்னு வச்சுக்கோங்க."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கலந்து பேசவில்லை. "வரப்புல போறோம்" என்றான் குணசேகரன்.

"வரப்புல போனா ஒத்தை வரிசையிலதான் போக முடியும். எருமையால திரும்பக்கூட முடியாது. சொல்லிட்டேன்."

"பரவாயில்லங்க."

முன்னால் கீரியும் செம்மொழியும், நடுவில் உபைதுல்லாவும் சிறுத்தையும், கடைசியில் குணசேகரனும் செங்கமலமும். பாதி வழி போனதும் ஸ்ம்ருதி குரலைத் தாழ்த்தினாள். வரப்பின் முன்னாலும் பின்னாலும் சாம்பல் வீரர்கள் எழுந்தார்கள். உடம்பெல்லாம் இரும்புக் கவசம், கையில் வில்.

அவள் எதிர்பார்த்தது இதுதான்: நாலு பக்கமும் வெட்டவெளி, எல்லாரும் வயலில் குதித்துச் சிதறுவார்கள், எதிரி திணறுவான், ஆட்டம் சூடு பிடிக்கும். யாரும் குதிக்கவில்லை. உபைதுல்லா வரப்பில் நின்றபடியே வாளை வீசினான். முன்னால் செம்மொழி இருந்ததால் எட்டவில்லை. செம்மொழி குனிந்து உட்கார்ந்துகொண்டாள். கீரி ஒரு நண்டுவளைக்குள் போய்விட்டது. சிறுத்தைக்கு ஓர் அம்பு. கூட்டத்திலேயே பெரிய உடம்பு செங்கமலத்துக்குத்தான். எந்தப் பக்கமிருந்து எய்தாலும் அவள் மேல்தான் பட்டது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. கரடியிடமிருந்து வாங்கிய உயிர்ப்புள்ளி கரைந்துகொண்டே வந்தது.

"இன்னும் ரெண்டு அம்பு தாங்கமாட்டா" என்றாள் ஸ்ம்ருதி. பேனாவைக் கீழே வைத்தாள். "எனக்கு ஒண்ணு சொல்லுங்க. ஏன் ஒருத்தர்கூடக் கீழ இறங்கல?"

மூவரும் அவளைப் பார்த்த பார்வையில் உண்மையான ஆச்சரியம் இருந்தது.

"பயிர் நிக்குதுல்ல" என்றான் உபைதுல்லா.

"அது ஸ்கெட்ச் பேனா, உபைத்."

"கதிர் வந்துடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"நீயாவது சொல்லு செம்மொழி. நீ தென்னந்தோப்புக்காரிதானே."

"தோப்புன்னா கீழ எங்க வேணா நடக்கலாம் அக்கா. இது நெல்லு."

ஸ்ம்ருதி கையை விரித்தாள். "சரி. குணா, உங்க முறை."

குணசேகரன் தாளைப் பார்த்தான். அவனுக்கு அது ஸ்கெட்ச் பேனா என்று தெரியாமல் இல்லை. தினமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, பயிர் போன கதையைச் சொல்கிறவர்களின் முகங்களும் தெரியும். அடுத்தவர் வயலில் கால் வைக்காமல் வரப்போடு வரப்பாகப் போவதுதான் அவனுக்குத் தெரிந்த ஒழுக்கம். யோசித்துப் பார்த்தால் வயலுக்கு வெளியேயும் அவன் அப்படித்தான் வாழ்ந்துகொண்டிருந்தான். அந்த ஒழுக்கத்துக்காக இப்போது செங்கமலம் நின்ற இடத்தில் நின்று அம்பு வாங்கிக்கொண்டிருந்தாள். அவளை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது அவன். திரும்ப முடியாது என்று சொல்லியும் கேட்காதது அவன். இவள் செத்தால், உபைதுல்லாவைப் போல வேறொன்றை எடுத்துக்கொள்ள அவனால் ஆகாது. ஆட்டத்துக்கே வரமாட்டான். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. 

"நான் ஒண்ணும் செய்யல" என்றான். "என் முறையை அவளுக்கே கொடுக்கிறேன். கழுத்துல தட்டி, இறங்குன்னு சொல்றேன்."

"வயலுக்குள்ளயா?"

"வயலுக்குள்ளதான்."

பகடை உருண்டு, மேசை ஓரத்தில் தயங்கி, பதினேழில் நின்றது.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது. எருமைக்குச் சேறு என்பது பிறந்த வீடு. செங்கமலம் முழங்கால் சேற்றில் இறங்கியதும் வரப்பிலிருந்த தள்ளாட்டமெல்லாம் போய்விட்டது. துரத்திக்கொண்டு இறங்கிய சாம்பல் வீரர்கள் இரும்புக் கவசத்தின் கனத்தில் இடுப்புவரை புதைந்தார்கள். அவர்கள் காலைப் பிடுங்கிக்கொண்டு நிற்கும்போது அவள் திரும்பி வந்தாள். கொம்பால் ஒருவனை, தோளால் ஒருவனை. மேலே மிஞ்சியவர்களைச் சிறுத்தையும் உபைதுல்லாவும் பார்த்துக்கொண்டார்கள். ஸ்ம்ருதிக்கே உற்சாகம் தாங்கவில்லை. ஒவ்வோர் அடியையும் எழுந்து நின்று விவரித்தாள். "ஜெயிச்சுட்டீங்க. செங்கமலம் உயிரோட இருக்கா. பொழுது சாயறதுக்கு இன்னும் நேரம் இருக்கு. கோட்டை கண்ணுக்கு எதிர்ல. போகலாமா?"

யாரும் கை தட்டவில்லை. உபைதுல்லா, மிதிபட்ட கட்டங்களில் ஸ்ம்ருதி அடித்திருந்த சிவப்புப் பெருக்கல் குறிகளை விரலால் தொட்டுப் பார்த்தான். "எத்தனை மா நிலம் போயிருக்கும்?" என்றான்.

"கதிர் நேரத்துல" என்றாள் செம்மொழி, மெதுவாக.

"வயக்காரரு வந்திருப்பாரே" என்றான் குணசேகரன்.

"எந்த வயக்காரர்?" என்றாள் ஸ்ம்ருதி. "அப்படி ஒருத்தர் என் கதையிலயே இல்ல."

"யாரோ நட்டிருக்காங்கல்லங்க."

 ஸ்ம்ருதி உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, கதாபாத்திரக் குரலில் ஆரம்பித்தாள். "யார் அங்கே? என் கழனியைப் பாழாக்கியது யார்?"

செம்மொழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அக்கா, இப்படிப் பேசுனா மாட்டுக்காரன்தான் சண்டைக்கு வருவான்."

"எனக்கு வேற எப்படித் தெரியும்? நீங்களே செய்யுங்க."

உபைதுல்லா நாற்காலியை மாற்றிப் போட்டு, குணசேகரனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். தோளில் இல்லாத துண்டை உதறினான். அவன் வாப்பாவின் குரல் அது, குணசேகரனுக்குத் தெரியும்.

"ஏம்ப்பா. கண்ணு தெரியுதா உனக்கு?"

"தெரியுதுங்க."

"தெரிஞ்சுதான் இறக்குனியா? சோத்துக்கு நட்டது அது. தண்ணி வராம என்ஜின் வச்சு எறைச்சு, பூச்சி விழுந்து, மழையில தப்பிச்சு இப்பதான் கதிர் தலை சாயுது. உன் எருமைக்கு நடக்க இதைவிட்டா வேற ரோடு கிடைக்கலயா?"

"தப்புதாங்க. அம்பு விட்டாங்க, அதான்."

"அம்பு விட்டது யாரு, நானா?"

குணசேகரனுக்கு நிஜமாகவே வியர்த்தது. மனுவில் 'மேற்படி நபர்' என்று எத்தனையோ தடவை தட்டச்சு செய்திருக்கிறான். அந்த மேற்படி நபராக இப்போதுதான் முதல் தடவையாக உட்கார்ந்திருந்தான்.

"ஒரு வழி இருக்கு" என்றாள் ஸ்ம்ருதி ஓரமாக, நிலைமையை லேசாக்க. "உங்க கையில வாள் இருக்கு. அவர் வெறும் விவசாயி. மிரட்டறதுக்கு ஒரு பகடை போடலாம்."

மூவரும் மறுபடி அவளை அந்தப் பார்வை பார்த்தார்கள். "சும்மா ரூலைச் சொன்னேன்" என்றாள்.

உபைதுல்லா எழுந்து நின்றான். "பேச்சு வேணாம். எருமைய ஓட்டிக்கிட்டு வந்து எங்க கொல்லையில கட்டு. பெரியவங்களக் கூட்டிக்கிட்டு வந்து பேசித் தீர்த்துட்டு அப்புறம் ஓட்டிட்டுப் போ. ஊர் வழக்கம் தெரியும்ல?"

தெரியும். பயிரில் விழுந்த மாட்டை வயல்காரர் கட்டிப்போடுவதும், பேசி முடித்தபின் அவிழ்த்துவிடுவதும் அந்தப் பக்கத்தில் யாரும் எழுதிவைக்காத சட்டம். அதில் நியாயம் இல்லை என்று குணசேகரனால் சொல்ல முடியாது. அம்பிலிருந்து தப்பித்த செங்கமலம் இப்போது நியாயத்தில் மாட்டிக்கொண்டாள். கோட்டைக்கு அவளை விட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும் வழி கதையில் இருக்குமா என்று தெரியாது. மணி அடித்தால் கதை முடிந்துவிடும்.

 அவன் இ-சேவைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒருநாளும் பேசாத அளவுக்குப் பேசினான்.

"கட்டிப்போடுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா தனியாக் கட்டாதீங்க. நானும் இருக்கேன். சாஞ்ச பயிரை நானே தூக்கிக் கட்டுறேன். அறுப்பு வரைக்கும் இங்கயே கிடக்கேன். அறுத்ததும் போரடிக்க அவ வருவா. மிதிபட்டதுக்கு என்ன ஈடு சொல்றீங்களோ, வேலையில கழிச்சுக்கங்க."

உபைதுல்லா யோசித்தான். நடிப்புக்காக யோசிக்கவில்லை. "மிதிபட்டது எந்திரிக்காது. சாஞ்சது எந்திரிக்கும்" என்றான். "ஒத்த ஆளா அத்தனை வயலையும் தூக்கிக் கட்டிருவியா?"

"நானும் இருக்கேன்" என்றாள் செம்மொழி. "எங்க கீரி எலி பிடிக்கும். வரப்பெல்லாம் எலிவளைதான் இருக்கு, பாத்தேன். எருமைக்கும் காயத்துக்கு மருந்து போடணும். அம்பு பட்ட இடத்துல ஈ முட்டை வச்சா புழு வந்துரும்."

"ஒரு நிமிஷம்" என்றாள் ஸ்ம்ருதி. "பொழுது சாயறதுக்குள்ள மணி அடிக்கணும். உலகம் இருண்டுடும். நாலு மாசமா அதுக்குத்தான் நடந்து வந்திருக்கோம்."

"உபைது போயி அடிக்கட்டும்" என்றான் குணசேகரன்.

"நான் எங்கடா போறது? நான்தானே வயக்காரன்."

ஸ்ம்ருதி கோட்டையைப் பார்த்தாள். அதை வரைய அவளுக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது. ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி நிறம். பிறகு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மூவரையும் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள்.

"சரி. மேகம் மறைச்சிருக்கு. பொழுது இன்னும் சாயல" என்றாள். "அறுப்புக்கு எத்தனை நாள்?"

"தோராயமா ஒரு மாசம்" என்றான் வயக்காரன்.

"அந்த ஒரு மாசமும் மேகம்தான். உலகம் காத்திருக்கட்டும்." கோட்டை இருந்த பக்கத்தை அப்படியே மடித்து ஓரம் தள்ளினாள். பச்சைக் கட்டங்கள் மட்டும் மேசையில் நின்றன. பேனாவைக் கையில் எடுத்தாள். "இப்ப எனக்குச் சொல்லித் தாங்க. சாஞ்ச பயிரை எப்படிக் கட்டுவாங்க?"

மூவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். நாலைந்து தூரைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்றான் உபைதுல்லா. அதன் தாளாலேயே முடிய வேண்டும், இறுக்கினால் ஒடியும் என்றாள் செம்மொழி. காற்றடிக்கிற திசைக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும் என்றான் குணசேகரன். அதை அவன் சமையலறை ஜன்னலிலிருந்து பார்க்கவில்லை, மழை வருஷத்தில் அம்மாவோடு வயலில் நின்றே செய்திருக்கிறான். ஸ்ம்ருதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு விதி செய்தாள். பத்துக்கு மேல் விழுந்தால் முடிச்சு நிற்கும்.

குணசேகரன் பகடையை உருட்டினான். நாலு.

ஸ்ம்ருதி வயக்காரனைப் பார்த்தாள். வயக்காரன் உதட்டைப் பிதுக்கினான்.

"அவிழ்ந்துடுச்சு" என்றாள் அவள். "எருமை அங்கயிருந்து உங்களையே பாத்துக்கிட்டு நிக்குது. மறுபடி கட்டுங்க."

அவன் பகடையை எடுத்து உள்ளங்கையில் வைத்து, மறுபடி கட்டினான்.